அசலும் இருக்கட்டும்

‘ஸ்டார் டிரெக்’ தொடரில் 1967-ஆம் ஆண்டு ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில், கோள்களைப் பொடித்துத் தின்றபடி விண்வெளியில் அலையும் பேரழிவு இயந்திரம் ஒன்று வருகிறது. படப்பிடிப்பில் அந்த இயந்திரமாக நின்றது, விமானத் தளங்களில் காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டும் துணிக்குழாய். அதைச் சிமெண்டுக் குழம்பில் முக்கிக் காயவைத்துப் படம் பிடித்தார்கள் என்பதை அந்தக் கதையை எழுதிய நார்மன் ஸ்பின்ராடே பிற்பாடு சொல்லியிருக்கிறார். பணம் கொஞ்சம், நேரம் அதைவிடக் கொஞ்சம். வாரம் ஓர் அத்தியாயம் முடித்தாக வேண்டும். கையில் கிடைத்ததை வைத்துப் பிரபஞ்சத்தைக் கட்ட வேண்டிய நிலை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2007-இல், அதே இயந்திரத்தைக் கணினி வரைகலையில் புதிதாக உருவாக்கி, அதே அத்தியாயத்துக்குள் பழையதை எடுத்துவிட்டுப் பொருத்தினார்கள். புதியது பார்க்க நன்றாகவே இருக்கிறது. அதன் வாய்க்குள் நெருப்பு புரள்கிறது, உடலில் காயங்கள் தெரிகின்றன. ஆனால் சிமெண்டில் முக்கிய அந்தத் துணிக்குழாயின் கதி என்ன என்ற கேள்வி மிச்சம் நிற்கிறது. பழைய கலைப்படைப்பைப் புதிய நுட்பத்தால் மெருகேற்றும் ஒவ்வொரு முயற்சியும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி அது. தமிழ்ப் படங்கள் ஒவ்வொன்றாக ‘டிஜிட்டல்’ உடுத்தித் திரும்பி வரும் இந்தக் காலத்தில் நமக்கும் அது அயலார் விவகாரம் இல்லை.

முதலில் அந்தத் தொடரில் நடந்ததைச் சரியாகப் புரிந்துகொள்வோம். 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கி 1969-இல் நின்றுபோன ‘ஸ்டார் டிரெக்’ மொத்தம் 79 அத்தியாயங்கள். நடிகர்கள் வரும் காட்சிகள் 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுக்கப்பட்டவை. மூல நெகட்டிவ் கெடாமல் இருந்ததால், உயர்தெளிவுத் தொலைக்காட்சி வந்தபோது அவற்றைப் பளிச்சென்று எடுக்க முடிந்தது. விண்கலக் காட்சிகள் அப்படியில்லை. கலத்தின் மாதிரியை ஒரு பிலிமில், விண்மீன்களை இன்னொன்றில், கோளை வேறொன்றில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரதியெடுத்துச் சேர்த்தவை அவை. ஒவ்வொரு பிரதிக்கும் படம் ஒரு படி மங்கும், புள்ளி பெருகும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் மறைந்திருந்த இந்தக் குறை, புதிய திரையில் பக்கத்துக் காட்சியோடு ஒட்டாமல் தனித்துத் தெரிந்தது. 2006-இல் சிபிஎஸ் நிறுவனம் அந்தக் காட்சிகளை மட்டும் மறுபடி செய்ய முடிவெடுத்தது. தொடரை நன்கறிந்த மைக்கேல் ஒகுடா, டெனிஸ் ஒகுடா, டேவிட் ராஸ்ஸி ஆகியோரிடம் பொறுப்பைக் கொடுத்தது. அவர்கள் தங்களுக்கே சில கட்டுப்பாடுகளை விதித்துக்கொண்டார்கள். அறுபதுகளின் கேமரா செல்லக்கூடிய விதத்திலேயே புதிய காட்சியும் நகர வேண்டும். திரையின் பழைய சதுர வடிவை நீட்டக் கூடாது. வசனத்திலும் நடிப்பிலும் கை வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலான ஒன்று 2009-இல் வெளிவந்த புளூ-ரே தட்டுகளில் நடந்தது. பழைய காட்சியும் புதிய காட்சியும் ஒரே தட்டில் இருந்தன. படம் ஓடும்போதே ஒரு பொத்தானில் இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும் மாறிக்கொள்ளலாம்.

என் வாதம் இதுதான்: புதுப்பித்தல் தவறில்லை, அசலை அப்புறப்படுத்துவதே தவறு. மெருகேற்றியவர், மெருகேறாத அசலைப் பக்கத்திலேயே, அதே தரத்தில், அதே எளிமையில் கிடைக்கும்படி வைத்தாக வேண்டும். எதை மாற்றினார் என்பதைப் பார்ப்பவருக்கு வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் எவ்வளவு துணிந்த மாற்றமும் செய்துகொள்ளட்டும்; அது அசலுக்கு எழுதிய உரையாக நிற்கும். இரண்டில் ஒன்று குறைந்தாலும், எத்தனை அழகாகச் செய்திருந்தாலும், ஓர் ஆவணத்தைத் திருத்தி எழுதிய காரியமாகவே அது முடியும். இது ஏதோ நூலகர்களின் கண்டிப்பு என்று தோன்றலாம். தமிழர்களுக்கு நன்கு தெரிந்த படங்களை வைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும்.

‘மாயா பஜார்’ படத்தை எடுத்துக்கொள்வோம். விஜயா நிறுவனத்துக்காக கே. வி. ரெட்டி இயக்கி, 1957-இல் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த படம். புராணக் கதை என்று அதை ஒதுக்கிவிட முடியாது. இன்று அறிபுனைவில் எதிர்பார்ப்பதெல்லாம் அதில் இருக்கிறது. ‘பிரியதர்சினி’ என்று ஒரு பேழை. திறந்து பார்ப்பவருக்கு மிகவும் பிரியமானது எதுவோ அது அதற்குள் அசையும் படமாகத் தெரியும். நாயகி பார்க்கும்போது அபிமன்யு தெரிகிறான். கிருஷ்ணன் பார்க்கும்போது சகுனி தெரிகிறான். மடியில் வைத்துத் திறக்கும் பெட்டி, அதன் மூடியில் வெகு தொலைவிலுள்ள ஒருவரின் முகம். எங்கள் மலாயாவில் தொலைக்காட்சியே வந்திராத வருடத்தில் இப்படியொரு கற்பனை. தானாகச் சுருண்டு ஆளை உருட்டும் கம்பளம் வருகிறது. எஸ். வி. ரங்காராவின் கடோத்கஜன் கல்யாண விருந்தைத் தனியாளாகத் தின்று தீர்க்கும் பாட்டில், உட்கார்ந்தபடியே பேருருவம் எடுக்கிறான். லட்டுகள் தட்டிலிருந்து எழும்பி அவன் வாய்க்குள் தாமாகப் போகின்றன. ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லே. பின்னாளில் ‘செம்மீன்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவரே. அன்று அவர் கையில் இருந்தவை கேமராவை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது, ஒரே பிலிமில் இருமுறை பதிவது, அட்டை மாதிரிகளை நகரமாகக் காட்டுவது, விளக்குகளை இடம் மாற்றுவது ஆகியவைதாம். படகுப் பாட்டில் நீரின்மேல் விழும் நிலவொளி, அவர் செய்துகாட்டிய மாயம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஒளியை நிலவென்றே கண் ஒப்புக்கொள்கிறது.

2010 ஜனவரியில் அதன் தெலுங்குப் பதிப்பு வண்ணத்தில் வெளிவந்தது. ஹைதராபாத்தின் கோல்ட்ஸ்டோன் டெக்னாலஜீஸ் நிறுவனம் பெரும் பொருட்செலவில், ஒரு பெரிய குழுவின் பல மாத உழைப்பில் செய்த வேலை. ஒலியைப் புதுக்கினார்கள், படத்தைச் சினிமாஸ்கோப் அகலத்துக்குக் கொண்டுவந்தார்கள். மக்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். புதிய தலைமுறை அதை ரசித்தது. இந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் என்ன நடந்தது என்று அருகே போய்ப் பார்க்க வேண்டும். ஏறத்தாழச் சதுரமான படத்தை அகலத் திரையில் நிரப்ப வேண்டுமானால் மேலும் கீழும் வெட்டித்தான் ஆக வேண்டும். கே. வி. ரெட்டியும் பார்ட்லேயும் கிரீடத்தின் உச்சிக்கும் சட்டத்தின் விளிம்புக்கும் இடையே விட்ட வெளி, பேருருவம் எடுக்கும் கடோத்கஜனின் தலைக்கு மேலே கண் ஏறிப்போகும் வெளி, எல்லாம் அந்த வெட்டில் குறையும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒளி அமைப்பவர், எந்தத் துணி எந்தச் சாம்பல் நிறமாக விழும், முகத்தின் எந்தப் பக்கம் இருளில் போகும் என்று கணக்குப் போட்டு அமைக்கிறார். அதன்மேல் வண்ணம் ஏற்றுவது ஊகத்தின்மேல் செய்யும் வேலை. மேலும், மூலப் பிரதி மோசமாக இருந்த இடங்களைச் சரிசெய்ய முடியாமல் சில பாடல்களையும் செய்யுள்களையும் வண்ணப் பதிப்பில் விட்டுவிட்டார்கள். மெருகேற்றிய படம் அசலைவிடச் சிறியதாகிவிட்டது. இதைத் தெரிந்து பார்ப்பவருக்கு நட்டமில்லை. இதுதான் ‘மாயா பஜார்’ என்று நம்பிப் பார்க்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்குத்தான் நட்டம். தனக்கு நட்டம் நேர்ந்தது என்பதே அதற்குத் தெரியாது.

இதற்கு முதலில் வரும் மறுப்பு நியாயமானது. ‘இன்றைய பிள்ளைகள் கறுப்பு வெள்ளையை, தேய்ந்த ஒலியை, நூலில் ஆடும் விண்கலத்தைப் பார்க்கவே மாட்டார்கள். யாரும் பார்க்காத அசலைப் பத்திரமாக வைத்து யாருக்கு லாபம்? பார்க்கப்படும் பிரதி பார்க்கப்படாத அசலைவிட மேல்.’ இந்த வாதத்துக்கு வலுவான சாட்சி ‘கர்ணன்’. பி. ஆர். பந்துலுவின் 1964-ஆம் ஆண்டுப் படம், டிஜிட்டல் முறையில் சீராக்கப்பட்டு 2012 மார்ச்சில் சென்னையில் வெளிவந்தபோது புதுப் படங்களோடு போட்டியிட்டு நூறு நாள்களைக் கடந்தது. அதன் பிறகுதான் பழைய படங்களைத் தூசு தட்டும் வேகம் பிறந்தது; ‘ஆயிரத்தில் ஒருவன்’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ எல்லாம் வரிசையாகத் திரும்பி வந்தன. ஆனால் ‘கர்ணன்’ சொல்லும் பாடத்தை முழுதாகப் படிக்க வேண்டும். அந்தப் படத்தில் சிவாஜியின் முகத்தை யாரும் திருத்தவில்லை. குருக்ஷேத்திரப் போரில் கணினி யானைகளைச் சேர்க்கவில்லை. கீறலைத் துடைத்தார்கள், மங்கிய வண்ணத்தை மீட்டார்கள், ஒலியைத் துலக்கினார்கள். மக்கள் ஓடிவந்தது பந்துலு எடுத்த போரைப் பார்க்கத்தான். பழைய படம் புதுப் பார்வையாளரை அண்டவிடாமல் தடுத்தது அதன் பழமை இல்லை, அதன்மேல் படிந்த அழுக்கு. அழுக்கைத் துடைப்பதும் உருவத்தை மாற்றுவதும் ஒரே ‘டிஜிட்டல்’ என்ற பெயரில் விற்கப்படுவதால்தான் இந்தக் குழப்பம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. ‘படைத்தவர்களே இன்றைய வசதி இருந்திருந்தால் இப்படித்தான் செய்திருப்பார்கள். சிமெண்டுத் துணிக்குழாயை யாராவது விரும்பித் தேர்ந்தெடுப்பார்களா?’ சில வேளைகளில் இது உண்மையும்கூட. 1960-இல் வெளிவந்த ‘மொகலே ஆசம்’ படத்தை எடுத்த கே. ஆசிப்பால் அதன் சில பகுதிகளை மட்டுமே வண்ணத்தில் எடுக்க முடிந்தது. முழுப் படமும் வண்ணத்தில் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. 2004-இல் அதற்கு வண்ணம் ஏற்றியவர்களால் அந்த ஆசையைச் சான்றாகக் காட்ட முடிந்தது. ஆனால் ஆசை வேறு, செய்து முடித்த படைப்பு வேறு. தடை இருந்ததால்தான் பல முடிவுகள் பிறந்தன. விண்கலம் ஒவ்வொரு வாரமும் கோளில் இறங்கும் காட்சியை எடுக்கப் பணமில்லாததால்தான் மனிதர்களை ஒளித்துகள்களாகக் கரைத்துக் கீழே அனுப்பும் கருவியை ‘ஸ்டார் டிரெக்’ குழு கண்டுபிடித்தது. இன்று அந்தத் தொடரின் அடையாளமே அதுதான். வசதி இருந்திருந்தால் அந்தக் கற்பனையே வந்திருக்காது. படைத்தவருக்கே தன் படைப்பைத் திருத்தும் முழு உரிமை உண்டா என்ற கேள்விக்கு ஜார்ஜ் லூக்காஸின் வரலாறு விடை தருகிறது. 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் போய், பழைய படங்களுக்கு வண்ணம் ஏற்றி மாற்றுவதை எதிர்த்து, அவை ஒரு நாட்டின் பண்பாட்டுச் சொத்து என்று வாதாடியவர் அவர். 1997-இல் அவரே தம் ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் புதுக் காட்சிகளைச் சேர்த்தார். அதன்பின் பல ஆண்டுகள் 1977-ஆம் ஆண்டு மக்கள் பார்த்த வடிவம் நல்ல தரத்தில் கிடைக்காமல் போனது. 1988-இன் லூக்காஸ் சொன்னதுதான் சரி. ஒரு படம் கோடிப் பேர் கண்ணில் பட்டுவிட்ட பிறகு அது அவர்களுடையதும்தான்.

அந்தக் கோடிப் பேரில் மலேசியாவின் பேராக் மாநிலத் தோட்டத்து மக்களும் உண்டு. சுங்கை சிப்புட்டிலும் பாகான் செராயிலும் தெலுக் இந்தானிலும் பால்மரக் காடுகளுக்கு நடுவே லயங்கள் என்ற வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்கள், ஈப்போவின் ஒற்றைத் திரை அரங்குகளுக்குப் பஸ் ஏறி வந்தும், தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டும்போது பாய் விரித்து உட்கார்ந்தும் இந்தப் படங்களைப் பார்த்தார்கள். 1963-இல் ‘கலை அரசி’ வந்தது. வேற்றுக் கிரகத்தார் தங்களுக்கு இசை கற்பிக்க ஆள் தேடிப் பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிப் போகிறார்கள், எம்.ஜி.ஆர். விண்கலத்தில் போய் மீட்கிறார். நிலவில் மனிதன் கால் வைக்க இன்னும் ஆறு வருடம் இருந்தது. அந்த விண்கலம் அட்டையும் தகரமும் என்பது எவருக்கும் தெரியாமல் இல்லை. இங்கேதான் இன்றைய பார்வையில் ஒரு தவறான எண்ணம் ஊடுருவுகிறது: அன்றைய மக்கள் ஏமாந்தார்கள், இன்றைய மக்கள் ஏமாற மாட்டார்கள், ஆகவே நல்ல ஏமாற்று வேண்டும் என்ற எண்ணம். கோயில் திடலில் கூத்தும் நாடகமும் பார்த்துப் பழகிய கூட்டம் அது. ஒரு திரைச்சீலையை மயானமாகவும், ஒரு கட்டையைத் தேராகவும் ஏற்றுக்கொண்டு, அதற்குள் நடிகன் உண்மையாக அழுகிறானா என்று பார்க்கத் தெரிந்த கூட்டம். அட்டை விண்கலத்தை விண்கலமாக்கும் வேலையில் பாதியைத் திரை செய்தது, மீதியைப் பார்த்தவர்களே விருப்பத்தோடு செய்தார்கள். எல்லாவற்றையும் கண்முன் முடித்துத் தரும் புதிய காட்சி, அந்த மீதி வேலையைப் பார்ப்பவரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. அதனால் புதியது தாழ்ந்தது என்று ஆகிவிடாது. பார்ப்பவருக்கும் படைத்தவருக்கும் இருந்த ஓர் ஒப்பந்தம் எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் பழைய காட்சியைத் தவிர வேறு சாட்சி இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

‘எந்த அசலைச் சொல்கிறீர்கள்?’ என்று ஒருவர் கேட்கலாம். மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28. வண்ணம் வந்தது 1978-இல். அதுவரை எந்த வெளிநாட்டுத் தொடரும் இங்கே கறுப்பு வெள்ளையாகத்தான் தெரிந்தது. மஞ்சள், நீலம், சிவப்பு என்று சீருடை நிறத்தால் பணிப்பிரிவைக் காட்டிய ‘ஸ்டார் டிரெக்’ தொடரை அப்படிப் பார்த்திருந்தால் எல்லாரும் சாம்பல் நிறத்தவர்களே. தோட்டத்துக்கு வந்த படச்சுருளோ பல ஊர் ஓடித் தேய்ந்து, அறுந்து, ஒட்டப்பட்டு வந்தது. ஆக மக்கள் நினைவில் இருக்கும் அசல் ஒன்று, படைத்தவர்கள் செய்த அசல் இன்னொன்று என்பது உண்மை. இதற்கு என் பதில் எளிது. நினைவு அவரவர் உடைமை, அதை யாரும் பாதுகாத்துக் கொடுக்க முடியாது. படைத்தவர்கள் முடித்து வெளியிட்ட வடிவமே பாதுகாக்கத் தக்க அசல். அதை அழுக்கு நீக்கி, வெட்டாமல், கூட்டாமல் வைத்திருந்தால், அதிலிருந்து எத்தனை நினைவுகளையும் எத்தனை புதுப் பதிப்புகளையும் உண்டாக்கிக்கொள்ளலாம். அது போய்விட்டால் மெருகேற்றவும் ஒன்றும் மிஞ்சாது.

அப்படிப் போனதற்கு இந்த மண்ணிலேயே ஒரு சான்று இருக்கிறது. ‘மாயா பஜார்’ தமிழில் வந்த அதே 1957 ஏப்ரல் மாதத்தில் கேத்தே-கிரிஸ் நிறுவனத்தின் ‘பொந்தியானாக்’ வெளிவந்தது. மலாய்த் திரையுலகில் பேய்ப்படம் என்ற வகைக்கே வழி திறந்த படம். அழகிய மரியா மெனாடோ பேயாக உருமாறும் ஒப்பனை அந்நாளில் ஊரெங்கும் பேச்சு. இயக்கியவர் பி. என். ராவ், ‘ரம்பையின் காதல்’, ‘சாலிவாகனன்’ என்று தமிழ்ப் படங்களை எடுத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். தமிழ்ப் புராணப் படத்தின் தந்திரக் காட்சி மரபு மலாய்ப் பேய்க்கதைக்குள் எப்படி இறங்கியது என்று பார்க்க அதைவிட நல்ல படம் இருந்திருக்காது. பார்க்க முடியாது. பின்னாளில் அதன் பிரதிகளைத் தயாரிப்பாளர் ஹோ ஆ லோக் ஈயக்குட்டை ஒன்றில் வீசிவிட்டார் என்று சொல்லப்படுகிறது. இன்றுவரை படம் கிடைக்கவில்லை. ஈயச் சுரங்கங்கள் நிறைந்திருந்த பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு ஈயக்குட்டை எவ்வளவு ஆழம் என்று சொல்ல வேண்டியதில்லை. பணக்கார நாடுகளும் இதில் யோக்கியமில்லை. ‘டாக்டர் ஹூ’ தொடரின் அறுபதுகளின் அத்தியாயங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இல்லாமல் போனதற்குக் காரணம், பிபிசி தன் நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியதுதான். அதே பிபிசி பின்னாளில், மிஞ்சிய அத்தியாயங்களைத் தட்டில் வெளியிட்டபோது, சிலவற்றுக்குப் புதிய கணினிக் காட்சிகளையும் செய்து, அவற்றை விருப்பத் தேர்வாகவே வைத்தது. இழந்தவர்களுக்குத்தான் அசலின் அருமை தெரிகிறது.

இங்கே மூன்றாவது மறுப்பை நேராகச் சந்திக்க வேண்டும், ஏனென்றால் அதில் உண்மை அதிகம். ‘பாதுகாப்புக்குக் காசு எங்கிருந்து வரும்? புதுப்பித்து விற்றால்தான் காசு. அந்தக் காசுக்காகத்தான் நெகட்டிவைத் தேடி எடுக்கிறார்கள், சுத்தம் செய்கிறார்கள்.’ ஒப்புக்கொள்கிறேன். ‘ஸ்டார் டிரெக்’ மூல நெகட்டிவ் முழுதும் உயர்தெளிவில் பதிவானது புதுப்பிப்பின் விளைவுதான். அடுத்து வந்த ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடர் பிலிமில் எடுத்து வீடியோ நாடாவில் தொகுக்கப்பட்டது. 2012 முதல் அதன் பிலிம் துண்டுகளைத் தேடியெடுத்து ஒவ்வொரு அத்தியாயத்தையும் மறுபடி தொகுத்தார்கள். விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை. அதனால் அதற்கடுத்த இரண்டு தொடர்களை அப்படிச் சீராக்க யாரும் முன்வரவில்லை. சந்தை எங்கே நிற்கிறதோ அங்கே பாதுகாப்பும் நின்றுவிடுகிறது. ஆகவே புதுப்பிப்பவர்களை விரட்டுவது என் நோக்கமில்லை. பழைய படத்தைக் கையில் எடுப்பவர் அதன் அசலை முதலில் முழுதாகப் பதிவு செய்து ஒதுக்கி வைக்க வேண்டும், பிறகு வண்ணம் ஏற்றட்டும் என்கிறேன். வண்ணம் ஏற்றவோ வரைகலை சேர்க்கவோ ஆகும் செலவோடு ஒப்பிட்டால், ஏற்கெனவே எடுத்த பதிவின் மாறாத பிரதி ஒன்றை வைத்திருப்பதற்கு ஆகும் செலவு சொற்பம்.

இந்தக் கண்டிப்பு ஏன் இப்போது அவசரமாகிறது என்பதை 2025 ஆகஸ்டில் பார்த்தோம். தனுஷ் நடித்த ‘ராஞ்சனா’ இந்திப் படத்தின் தமிழ் வடிவம் ‘அம்பிகாபதி’, செயற்கை நுண்ணறிவால் மாற்றிய முடிவோடு திரையரங்குக்கு வந்தது. 2013-இல் இறந்துபோன நாயகன் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிழைத்துக்கொண்டான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் தங்கள் சம்மதமின்றி நடந்த இந்த வேலையை வெளிப்படையாக எதிர்த்தார்கள். உரிமை வைத்திருந்த நிறுவனம் தன்னிடம் சட்டப்படி உரிமை இருப்பதாகச் சொன்னது. விண்கலத்தை மாற்றுவதும் மரணத்தை மாற்றுவதும் ஒன்றா என்றால், ஒன்றில்லை. முதலாவது கதையின் உடையை மாற்றுகிறது, இரண்டாவது கதையையே மாற்றுகிறது. ஆனால் இரண்டையும் செய்யும் கருவி இன்று ஒன்றாகிவிட்டது, மலிவாகவும் ஆகிவிட்டது. பழைய வீடியோவைத் ‘தெளிவாக்கித்’ தருவதாகச் சொல்லும் மென்பொருள், இல்லாத விவரத்தைத் தானே ஊகித்து நிரப்புகிறது. முகத்தின் அம்மைத் தழும்பை மெழுகி எடுத்துவிடுகிறது. முன்பு ஒரு படத்தை மாற்றப் பெரிய குழுவும் பல மாதங்களும் வேண்டியிருந்தன. அந்தச் சிரமமே ஓரளவு காவலாக இருந்தது. அந்தக் காவல் இப்போது இல்லை. இனிக் காவல் நம் வழக்கத்திலும் விதியிலும்தான் இருக்க வேண்டும்.

பேராக் தமிழர்களுக்கு இந்த வாதம் புதிதாக இருக்காது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இருந்த இடத்தில் தாமான் என்னும் புதுக் குடியிருப்புகள் எழுந்தன. புது வீடும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் லயம் எப்படி இருந்தது, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் எப்படிப் பேர் கூப்பிட்டார்கள் என்று பேரப்பிள்ளைக்குக் காட்ட ஒரு முழு வரிசை வீட்டைக்கூட மிச்சம் வைக்காமல் பல தோட்டங்கள் மறைந்தன. மாற்றம் வந்ததில் வருத்தமில்லை, மாறியதற்கு அடையாளம் வைக்காமல் வந்ததில்தான் வருத்தம். அந்த வாழ்க்கையைத் திரையில் மீட்டுக் காட்டிய தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ 2005-இல் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் அடுத்த தலைமுறையைச் சொன்ன சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015-இல் வந்து, அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. குறைந்த பணத்தில் எடுத்த இத்தகைய படங்களை இன்னும் இருபது வருடத்தில் யாராவது ‘மெருகேற்ற’ வருவார்கள். அவர்கள் வரும்போது அசல் எங்கே இருக்கிறது என்று சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறேன். பழைய தமிழ்ப் படங்களையும் தொலைக்காட்சி நாடகங்களையும் புதுப்பித்து வெளியிடுபவர்கள், படத்தின் தொடக்கத்திலேயே எதை மாற்றினோம், எதை நீக்கினோம் என்று எழுதிக் காட்டட்டும்; மாற்றாத வடிவத்தையும் அதே தளத்தில் கிடைக்கச் செய்யட்டும். மலேசியாவில் படம் எடுக்கும் தமிழர்கள், 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் புத்தகத்துக்கு மட்டும் என்று எண்ணாமல், தங்கள் படைப்பின் இறுதி வடிவத்தைத் தேசிய நூலகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் சேர்க்கட்டும். மூன்றாவது வேண்டுகோள் வாசகர்களுக்கு. உங்கள் வீட்டு அலமாரியில் தோட்டத்துக் கோயில் திருவிழாவையோ பள்ளி நாடகத்தையோ பதிந்த வீடியோ நாடா இருந்தால், இந்த ஈரக் காற்றில் அதில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. பழைய பிலிம் சுருள் காடி நெடி வீசினால் அது அழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். தெளிவாக்குவது, வண்ணம் ஏற்றுவது, இசை சேர்ப்பது எல்லாம் அப்புறம் செய்துகொள்ளலாம். முதலில், இருக்கிறபடியே, ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.